அக்கா ஊட்டுக் கிடா

வளப்பூர் நாடு, கொல்லிமலை
18.8.2024

திருப்பூரில் இருக்கும் தங்கச்சி அத்தாயிக்கு அக்கா பாப்பாயி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பேத்தி கோகிலவாணியும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை. இருந்தாலும் பதிலில் எழுது.

நீ தினமும் பொழுது சாய போன் அடிக்கிறாய். கோகிலவாணி அதைக் கொண்டுவந்து என் காதில் வைக்கிறாள். நான் தள்ளிவிடுகிறேன். "அம்மாயி, சின்னம்மாயி அழுவுது" என்கிறாள். அழட்டும். உன்னிடம் நான் பேசுவதாக இல்லை. ஏன் என்று கேட்காதே. எழுதுவேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து இதற்காவது ஆகட்டும்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. உன் மகன் ரமேஷ்குமார் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேனில் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் உட்கார்ந்துதான் சோறு உண்ண வேண்டும் என்றான். நான் என்ன சொன்னேன்? "மேல மலையில மேகம் கட்டியிருக்குது, தண்ணி காவியா வருது, சருகு அடிச்சுட்டு வருது, தாண்டாதீங்க" என்றேன். தாண்டித்தான் தீருவோம் என்றால் கரையில் இருக்கும் ஓடைக் கருப்பனுக்கு ஒரு சூடம் கொளுத்தி உத்தரவு கேளுங்கள் என்றேன். நீ உன் மருமகள் முன்னால் சிரித்தாய். "எங்கக்காளுக்குத் தும்முனாலும் கருப்பன், இருமுனாலும் கருப்பன்" என்றாய். நீ எங்கே பிறந்தவள்? இதே மலையில்தானே? திருப்பூருக்குப் போய் பனியன் தைத்ததில் ஓடையின் நிறம்கூடவா மறந்துபோகும்?

எல்லாரும் தாண்டினீர்கள். சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் வந்தேன் பார், அது என் கேடு. தூறல் போட்டதும் பிள்ளைகளை வேனில் விட்டு வருகிறோம் என்று மகனும் மருமகளும் திரும்பினார்கள். அவர்கள் கரை ஏறவும் மேலிருந்து வெள்ளம் வரவும் சரியாக இருந்தது. பாறைமேல் மிஞ்சியது நீயும் நானும். சும்மா உட்கார்ந்தாயா? தண்ணீரில் காலை வைத்தாய்.

அதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை. கோபத்தில்தான், வேறொன்றுமில்லை. முழங்கால் காயத்துக்கு வேப்பெண்ணெய் தடவு.

பாப்பாயி


திருப்பூர்
3.9.2024

என் அக்காவுக்கு அத்தாயி கும்பிட்டு எழுதுவது. முழங்கால் காயம் ஆறிவிட்டது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கோகிலவாணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இந்தத் தெருவில் கையால் எழுதின கடிதம் யாருக்கும் வருவதில்லை. "ஏனுங்கம்மா, கோர்ட்டு சமாச்சாரமுங்களா?" என்று தபால்காரர் கேட்டார். "அதைவிடப் பெருசுங்க, எங்கக்கா" என்றேன்.

காலை வைத்தேன்தான். பேரப்பிள்ளைகள் எதிர்க்கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது எனக்குப் புத்தி எங்கே இருக்கும்? வழுக்கியது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறியது. நீ என் கொண்டையைப் பிடித்து இழுத்தாய். இன்னும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. அதைத் தொட்டுக் காட்டி, என் அக்கா இழுத்த உயிர் இது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இழுத்துப் போட்டவளே பேச மாட்டேன் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சிரித்தது தப்பு. மன்னித்துக்கொள். தினமும் பொழுது சாய என்ன குழம்பு என்று கேட்பாய். நான் எதைச் சொன்னாலும் "அதை அப்படி வைக்கக் கூடாதுடி" என்று ஆரம்பிப்பாய். சண்டை முடிவதற்குள் அடுப்பில் பாதி தீய்ந்துவிடும். இப்போது ஒன்றும் தீய்வதில்லை. ருசியாகவும் இல்லை.

உன் தங்கச்சி அத்தாயி


வளப்பூர் நாடு
29.9.2024

அத்தாயிக்கு. எனக்கு மூட்டு வலி, கோகிலவாணிக்குச் சளி. மிளகுக் கொடிக்கு நோவில்லை. உனக்குக் காயம் ஆறியது தெரிந்துகொண்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு என்றே உனக்குத் தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

உன்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டதும் நீ எதிர்க்கரைக் கருப்பனைப் பார்த்துக் கையெடுத்தாய். "கருப்பா, எங்களக் கரை சேத்துரு. எங்க அக்கா ஊட்டுக் கிடாயை உனக்கு வெட்டறேன்" என்றாய். அடியே! வேண்டிக்கொண்ட வாய் உன்னுடையது, கிடா என்னுடையதா? உன் மகன் வேனை நேர்ந்துவிடுவதுதானே? தாய் செத்த குட்டி அது. துணியைப் பாலில் நனைத்து நான் ஊட்டி வளர்த்தேன். என் பாயில் படுத்தது.

கருப்பன் காதில் விழுந்ததை மாற்ற முடியுமா? நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது அந்தக் கிடாய்க்கும் தெரிந்துபோய்விட்டது. தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஊருக்குள் திரிகிறது. போன வாரம் செங்கோடன் காட்டில் புகுந்து சாமைக் கதிரை மேய்ந்தது. அவன் தடியோடு வந்து "இது யாருது?" என்றான். "கருப்பனுது" என்றேன். தடியைக் கீழே போட்டான். கிடாயைக் கும்பிட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, கும்பிட்டதற்கும் சேர்த்து என்னைத் திட்டினான்.

உன் கல்யாணத்தன்றும் இப்படித்தான். என்னைக் கேட்காமல் என் கொலுசை மாட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாய். ஊரார் முன்னால் கழற்றவா முடியும்? அடுத்தவள் பொருளில் ஆசாரம் செய்வது உனக்குப் பிறவிக் குணம்.

காற்று மாறுகிற காலம். காதில் துணி கட்டிக்கொள்.

பாப்பாயி


திருப்பூர்
24.10.2024

அக்காவுக்கு அத்தாயி எழுதுவது. தீபாவளிக்கு உனக்கொரு சீலை அனுப்பியிருக்கிறேன். சளிக்குத் தூதுவளை கொடு. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான் தூங்காததைத் தவிர.

கிடாய் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பயத்தில் வாய்க்கு வந்தது உன் கிடாதான். என் வீட்டில் வேண்டுவதற்கு என்ன இருக்கிறது அக்கா, தையல் மிஷினும் ஒரு நாற்காலியும்தானே.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் வேண்டி முடித்த பிறகு நீ ஆரம்பித்தாய். வேண்டவில்லை, திட்டினாய். "கண்ணத் தொறந்து பாருடா! சூடத்துக்குப் பொறந்தவனே! வருசா வருசம் பொங்கல் தின்னியே, செரிச்சுப் போச்சா?" என்று வெள்ளத்துக்கு மேலே கத்தினாய். எனக்குத் தண்ணீரைவிட உன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. அப்புறம் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாய். அவ்வளவுதான். உன் நடுக்கம் நின்றுவிட்டது. முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினாய். போசியைத் திறந்து, பேசாமல் புளிச்சோற்றை உருட்டி என் கையில் வைத்தாய். பாறையின் பாதி முழுகியிருந்தது. நீ சந்தைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்து சோறு தின்றாய். செங்கோடன் ஆள்களோடு கயிறு கொண்டுவருகிற வரைக்கும் உன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில்தான் என் பயம் அடங்கியது.

அன்று என்ன வேண்டினாய் அக்கா? எனக்குக் கண்ணை மூடினால் இன்னும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. நீ வேண்டினதைச் சொன்னால் நானும் வேண்டிப் பார்ப்பேன்.

அத்தாயி


வளப்பூர் நாடு
17.11.2024

அத்தாயிக்கு. சீலை வந்தது. கத்திரிப்பூ நிறம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். கட்டிக்கொண்டேன். சளி போய்விட்டது.

என்ன வேண்டினாய் என்று கேட்டிருக்கிறாய். இன்னும் நிறைவேற்றி முடிக்காத வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் அது சாமிக்குப் போகாது. அம்மா உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு இல்லை.

தூங்கவில்லை என்கிறாயே, அதற்கு மட்டும் சொல்கிறேன். அழுது வேண்டாதே. அழுகிறவர்கள் அவனிடம் ஆயிரம் பேர் வருகிறார்கள். அவனைத் திட்டு. கட்டினவனைத் திட்டுவது மாதிரி, உரிமையோடு, பழசையெல்லாம் எடுத்துப் போட்டுத் திட்டு. வசவெல்லாம் தீர்ந்தபின் உள்ளே ஓர் இடம் காலியாகும். அங்கே அவன் வந்து உட்காருவான். அப்போது கேட்க வேண்டியதைக் கேள். கொடுக்க வேண்டியதைக் கொடு. உன்னுடையதைக் கொடு, அடுத்தவள் ஊட்டுக் கிடாயை அல்ல. கொடுத்த பிறகு பயம் உன் சொத்து இல்லை, அவன் சொத்து. நீ சோறு தின்னலாம்.

அந்தக் கிடா கோகிலவாணி வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குள் போய்ச் சுண்டலைத் தின்றுவிட்டது. பிள்ளைகளெல்லாம் அதைக் கும்பிட்டன. எல்லாம் உன் புண்ணியம்.

பாப்பாயி


திருப்பூர்
20.1.2025

அக்காவுக்கு. பொங்கல் வைத்தோம், பால் கிழக்கே பொங்கியது. நீ சொன்னபடி திட்டினேன். இரண்டு நாள் தூங்கினேன். இப்போது மறுபடியும் தூங்கவில்லை, அதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, நீ.

பொங்கலன்று கோகிலவாணி போனைச் சத்தமாக வைத்து உன் பக்கத்தில் நீட்டினாளாம். நான் "அக்கா" என்றேன். நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "அக்கா, பொங்கலு வச்சாச்சா?" என்றேன். கதவுச் சத்தம்தான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய் என்று அவள் சொன்னாள். அவ்வளவு அருவருப்பா என் குரல்? பக்கத்தில் என் மருமகள் நின்றிருந்தாள். "விடுங்கத்தெ" என்று அவள் எனக்குச் சமாதானம் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சிரித்ததற்கு ஒரு தண்டனை, கிடாய்க்கு ஒரு தண்டனை, கொலுசுக்கும் சேர்த்து வைத்துக்கொள். மாசி முடிவதற்குள் என்னிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசு. திட்டினாலும் சரி. இல்லையென்றால் நீயும் நானும் ஒரு வயிற்றில் பிறக்கவில்லை என்று இருந்துவிடுவோம். என் சாவுக்கும் உனக்குச் சேதி வராது.

அத்தாயி


திருப்பூர்
16.3.2025

அக்கா, மாசி போய்விட்டது. உன் கடிதமும் இல்லை. கோகிலவாணியின் போன் எப்போது அடித்தாலும் அணைந்திருக்கிறது. எனக்கு வேறு யார் நம்பரும் தெரியாது.

கோபமாக இருந்தால் கோபமாகவாவது எழுது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?


வளப்பூர் நாடு
6.4.2025

அத்தாயிக்கு. பயப்படாதே, எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மாசி முழுக்கக் காய்ச்சல். நர்ஸம்மா பிரிசில்லா வீட்டுக்கே வந்து ஊசி போட்டாள். கோகிலவாணி வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தாள். ஜன்னலில் சார்ஜில் இருந்த போனை அந்தக் கிடா முட்டித் தள்ளி உடைத்துவிட்டது. கருப்பன் கிடாயிடம் யார் போய் நியாயம் கேட்பது?

காய்ச்சலில் உன் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேனாம். கோகிலவாணி பொய் சொல்வாள், நம்பாதே.

சாவுக்குச் சேதி வராது என்று எழுதினாயே, அதை நான் மறக்க மாட்டேன். எழுதின தேதியோடு வைத்திருக்கிறேன். என் சாவுக்கு நீ வரவும் வேண்டாம். ஆனால் வருகிற ஆடி பதினெட்டுக்கு வர வேண்டும். அன்று கிடா வெட்டு. கிடாய்மேல் மஞ்சள் தண்ணீரை நேர்ந்தவள்தான் ஊற்ற வேண்டும். அது தலையைத் துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். நான் ஊற்றினால் அவன் ஏற்பானா? "நேந்தவ எங்கடி?" என்று என்னைத்தான் கேட்பான்.

பாப்பாயி


திருப்பூர்
25.5.2025

அக்காவுக்கு அத்தாயி. காய்ச்சல் விட்ட உடம்பு, வெயிலில் மிளகு காயப் போடாதே.

நீ படுத்திருந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏற இருந்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம் கழற்றினேன். அங்கே வந்து என்ன செய்வது? நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை, நடுவில் கோகிலவாணி "அம்மாயி உங்களச் சாப்பிடச் சொல்லுதுங்க" என்று தூது ஓடுவாள். பேசாதவள் போட்ட சோறு என் தொண்டையில் இறங்காது.

கிடாய்க்கு மட்டும் நான் வேண்டும், இல்லையா? தண்ணீர் ஊற்ற ஒரு கை. என் கொண்டையைப் பிடித்து இழுத்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் வரவில்லை. கருப்பன் கோபித்துக்கொண்டால் என் தலையில் விடியட்டும். உன் கோபத்தையே தாங்கிவிட்டேன்.

அத்தாயி


வளப்பூர் நாடு
22.6.2025

அத்தாயி, இங்கே மழை பிடித்துவிட்டது. சுகம் விசாரிக்க நேரமில்லை.

உன் தலையில் விடியட்டும் என்று எழுதிவிட்டாய். அந்தத் தலையைத்தான் நான் பிடித்து இழுத்தேன். அதை வைத்து விளையாட உனக்கு உரிமை கிடையாது.

எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. இப்போது சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும் சொல்ல முடியாது. கோபத்தோடு வா. என் வீட்டில் சாப்பிடாதே, சோற்றைக் கட்டிக்கொண்டு வா. தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடு. வா.

நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. இதையும் கெஞ்சல் என்று நினைக்காதே.

பாப்பாயி


வளப்பூர் நாடு
6.8.2025

என் தங்கச்சி அத்தாயிக்கு. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாயா, எலுமிச்சம்பழத்தை மோந்தாயா? நான் நன்றாக இருக்கிறேன். தொண்டைதான் கட்டிக்கொண்டது. இரண்டு நாள் ஓயாமல் உன்னோடு சண்டை போட்டால் கட்டாதா?

இரண்டு நாளும் வாய் பேசியது. ஒன்றை மட்டும் சொல்ல வரவில்லை. ஒரு வருஷமாக உன்னிடம் கையால் பேசிப் பழகிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் குற்றம். பதில் போடாமல் வந்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகக் கருப்பன் கல்லுக்குப் போனாய். கையில் சோற்றுப் பொட்டலம் வேறு! ஒரு சொல்லுக்குச் சொன்னால் அப்படியே கட்டிக்கொண்டு வருவாயா? செங்கோடன் கிடாயைப் பிடித்தான். நீ தண்ணீர் ஊற்றினாய். கிடா சும்மா நின்றது. மறுபடியும் ஊற்றினாய். சும்மாவே நின்றது. பூசாரி அர்த்தனாரி, "யாரோ குறை வச்சிருக்கீங்க, சாமி ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். ஊரே என்னைப் பார்த்தது. உன் கண்ணில் தண்ணீர். நீ கிடாயின் முதுகில் ஊற்றுகிறாய், வாலில் ஊற்றுகிறாய். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ஏன்டி, கூறு கெட்டவளே! காதுல ஊத்துடி! முதுகுல ஊத்துனா எந்தக் கிடாடி துலுக்கும்?"

நீ சொம்பைக் கீழே போட்டாய். கிடா உடம்பெல்லாம் குலுங்கத் துலுக்கியது. குலவை போட்டார்கள். நீ கிடாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

இப்போது கேள். அன்று பாறைமேல் கருப்பனைத் திட்டித் தீர்த்தேன். தீர்ந்ததும் மனசு காலியானது. அவன் வந்து உட்கார்ந்தான். "இவள வுட்டுரு" என்றேன். என்ன தருவாய் என்றான். கிடாயை நீ முன்னாலேயே கொடுத்துவிட்டாய். காடும் வீடும் கோகிலவாணிக்கு. எனக்கே எனக்கு என்று, கொடுத்தால் வலிக்கிற பொருள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பொழுது சாய உன்னோடு சண்டை போடுகிற பேச்சு ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஆடிக்குக் கிடா விழுகிற வரைக்கும் அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் நடுக்கம் நின்றது. சோறு தின்றேன். புளிச்சோற்றை உன் கையில் பேசாமல் வைத்தேன் என்று எழுதினாயே, அதுதான் முதல் நாள்.

பேச்சைத்தான் கொடுத்தேன், எழுத்தைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

என் கோபமெல்லாம் நிஜம். அதை வேண்டுதலில் சேர்க்காதே. கொலுசை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரே ஒரு குறை. கிடா விழுவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டேன். வாக்குத் தவறினேனா என்று மறுநாள் காலையில் போய் அவனைக் கேட்டேன். கிடா துலுக்கியது இவள் ஊற்றின தண்ணீருக்கா, நான் பேசின பேச்சுக்கா என்றும் கேட்டேன். கல் மாதிரி இருந்தான். கோபத்தில் ஒரு பிடி திட்டிவிட்டு வந்தேன். வந்து படுத்தால் நல்ல தூக்கம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் அடி. புதுப் போன், சத்தமாகக் கேட்கும். இதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே, அழாதே. என்ன குழம்பு என்று மட்டும் சொல். தப்பாகத்தான் வைத்திருப்பாய்.

உன் அக்கா
பாப்பாயி